உரை வடிவில் பணம்: கிரிப்டோ நாணயக் கணுக்களில் தொலை அழைப்புச் செய்திகளின் குறியேற்ற வரலாறு

கிரிப்டோ நாணய வலையமைப்பில் கணு என்பது, பேரேட்டைத் தானே வாங்கி, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தானே சரிபார்க்கும் நிரலாகும். அது இரு வேறு வடிவங்களில் பேசுகிறது. பிற கணுக்களோடு பைட் பைட்டாக வரையறுக்கப்பட்ட இரும வடிவிலும், பணப்பை, பரிமாற்றகம் முதலிய வெளி நிரல்களோடு தொலைநிலைச் செயல்முறை அழைப்பு எனப்படும் முறையிலும் அது செய்தி பரிமாறுகிறது. இவ்விரண்டாம் முறையில் கோரிக்கையைச் செய்தியாக மாற்றுவது குறியேற்றம், செய்தியிலிருந்து மதிப்புகளை மீட்பது குறிநீக்கம். பணத்துக்கென்று உருவாக்கப்படாத ஓர் உரை வடிவத்தின் வழியே பணத்தொகையை ஓர் அலகும் பிசகாமல் கொண்டுசேர்க்க வேண்டிய நெருக்கடியே இக்குறியேற்றத்தின் வரலாற்றைப் பெரிதும் வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

வேறொரு கணினியிலுள்ள செயல்முறையை உள்ளூர்ச் செயல்முறையைப் போலவே அழைக்கலாம் என்ற எண்ணத்துக்கு 1984இல் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகியோர் வெளியிட்ட ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையக் கட்டுரை செயல்முறை வடிவம் தந்தது. அளபுருக்களைக் கட்டி அனுப்பும் இடைநிலை நிரல்களைத் தானாகவே உருவாக்கும் வழியை அது விளக்கியது. சன் நிறுவனம் 1980களில் வகுத்த எக்ஸ்டிஆர் முறை எல்லா மதிப்புகளையும் நான்கு பைட் மடங்குகளில் அடுக்கியது. 1998இல் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வந்தபோது இருமம் விலகி உரை முன்வந்தது. 2005இல் ஜேசன் என்ற உரை வடிவத்தைப் பயன்படுத்தும், அதைவிட எளிய ஜேசன்-ஆர்பிசி தோன்றியது. இதன்படி, கோரிக்கையில் செயல்முறையின் பெயர், அளபுருக்கள், அடையாள எண் ஆகிய மூன்றும், மறுமொழியில் விளைவு, பிழை, அதே அடையாள எண் ஆகியவையும் இடம்பெறும்.

2010 ஜூலையில் வெளிவந்த பிட்காயின் 0.3 பதிப்பு இந்த எளிய முறையையே தன் கட்டுப்பாட்டு வாயிலாக அறிவித்தது. எந்த நிரல்மொழியிலிருந்தும் சில வரிகளில் கணுவை அழைக்க முடிந்தது அதன் பெரும் பலம். ஆனால் ஜேசனில் எண்ணுக்குத் துல்லிய வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. நடைமுறையில் பல நிரல்கள் அவ்வெண்ணை 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக, அதாவது பின்னங்களை இரும முறையில் தோராயமாகச் சேமிக்கும் வடிவில், படித்துக்கொள்கின்றன. பிட்காயின் கணு உள்ளுக்குள் தொகையை முழு எண்ணாகவே, பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கான சடோஷி என்ற அலகில், வைத்திருக்கிறது. எனினும் அழைப்புச் செய்தியில் அதைப் பிட்காயின் அலகில் தசமப் பின்னமாக எழுதுகிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். 0.29 பிட்காயினை மிதவைப் புள்ளி எண்ணாகப் படித்துப் பத்துக் கோடியால் பெருக்கினால் 2,90,00,000 கிடைப்பதில்லை, 2,89,99,999.999999996 என்பதே கிடைக்கிறது. பின்னப் பகுதியை வெட்டிவிடும் நிரல் ஒரு சடோஷியை இழக்கிறது, அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும் நிரல் தப்புகிறது. பிட்காயினின் தொடக்ககால நிரல் இரண்டாம் வழியைப் பின்பற்றியதால் கணுவின் பக்கம் தொகை காக்கப்பட்டது. அதனோடு பேசும் எல்லா நிரல்களும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. உருவாகக்கூடிய பிட்காயின் முழுவதையும் சடோஷியில் எண்ணினால் ஏறத்தாழ 21 கோடி கோடி ஆகும். மிதவைப் புள்ளி எண் பிசகின்றித் தாங்கும் முழு எண் வரம்போ சுமார் 90 கோடி கோடி. ஆகவே செய்தியில் சடோஷியையே முழு எண்ணாக எழுதியிருந்தால் இச்சிக்கல் எழுந்தே இராது. மனிதக் கண்ணுக்கு வசதியாகச் செய்யப்பட்ட ஒரு தேர்வுக்கு நிரலாளர்கள் நெடுங்காலம் விலை கொடுத்தனர் என்றே கருத வேண்டியுள்ளது. 2016இல் வெளியான 0.12 பதிப்பு, தொகையை மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாகவும் அனுப்ப இடமளித்தது. துல்லியம் இழக்கும் ஜேசன் நூலகங்களிலிருந்து தொகையைக் காப்பதே அதன் நோக்கம்.

தொகைக்கு அடுத்தபடியாகக் குழப்பம் தருவது பைட் வரிசை. பிட்காயின் பேரேட்டில் 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் தொகுதியை அடையாளங்காட்டும் சுருக்கக் குறி, அழைப்பின் மறுமொழியில் பத்துச் சுழியங்களோடு தொடங்குகிறது. கணுக்களிடையே செல்லும் இரும வடிவிலோ அச்சுழிய பைட்டுகள் இறுதியில் நிற்கின்றன. கணு அக்குறியைச் சிறு இலக்கம் முதலில் வரும் 256 பிட் எண்ணாகக் கருதி, வெளியில் காட்டும்போது எண்ணை எழுதும் வழக்கப்படி பெரிய இலக்கத்தை முன்வைப்பதே இதற்குக் காரணம். குறிநீக்கம் செய்யும் நிரல் எந்த இடத்தில் திருப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். செய்தியில் அதற்கான குறிப்பு எதுவும் இல்லை.

2015 ஜூலை 30 அன்று இயங்கத் தொடங்கிய எத்தீரியம் என்ற மற்றொரு கிரிப்டோ வலையமைப்புக்குத் தசம எண் என்ற வழியே அடைபட்டிருந்தது. அதன் நாணயமான எத்தர் ஒன்று, 10,000 கோடி கோடி வெய் என்ற மிகச் சிறிய அலகுகளைக் கொண்டது. மிதவைப் புள்ளியின் பிசகில்லா வரம்பு நூறில் ஒரு எத்தரைக்கூட எட்டாது. எனவே எண்களைப் பதினறும எழுத்துச் சரமாக, சுழியமும் எக்ஸ் எழுத்தும் முன்னொட்டாக வர, எழுதும் மரபு ஏற்பட்டது. அளவு, தரவு என்ற இரு வகைகளுக்கும் தனித்தனி விதிகள் வகுக்கப்பட்டன. அளவு என்றால் முன்சுழியம் கூடாது: 1024ஐ முன்னொட்டை அடுத்து 400 என எழுத வேண்டும், 0400 என்பது பிழை. தரவு என்றால் ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு இலக்கம் கட்டாயம், முன்சுழியமும் பொருளுடையது. ஒரே தோற்றமுடைய சரங்களுக்கு இரு விதிகள் இருப்பது முதற்பார்வையில் தேவையற்றதாகத் தோன்றினாலும், 20 பைட் முகவரியின் முதல் சுழியத்தை நீக்கிவிட்டால் அது முகவரியாகவே நிற்காது என்பதை எண்ணினால் இப்பகுப்பின் நியாயம் விளங்கும். மேலும், ஒப்பந்த நிரலை அழைக்கும் செய்தியில் ஜேசனுக்குள் பதினறுமச் சரமும், அச்சரத்துக்குள் செயல்கூற்றை அடையாளங்காட்டும் நான்கு பைட்டும், அதைத் தொடர்ந்து 32 பைட் அலகுகளாக அளபுருக்களும் அமைகின்றன. உள்ளடுக்கின் பொருளை வெளியடுக்கு அறியாது. ஒப்பந்தத்தின் இடைமுக விவரிப்பு கையில் இருந்தால்தான் அதைப் பிரிக்க முடியும்.

கோ மொழியில் எழுதப்பட்ட பிடிசிடி என்ற மாற்றுப் பிட்காயின் கணு, குறியேற்றத்துக்கும் குறிநீக்கத்துக்கும் மட்டுமே ஒரு தனித் தொகுப்பை ஒதுக்கியது. மறுமொழியில் செயல்முறையின் பெயர் இல்லை, அடையாள எண் மட்டுமே உண்டு என்பதால், விளைவு ஒற்றை எண்ணா, பல புலங்கள் கொண்ட கட்டமைப்பா என்பதைச் செய்தியை மட்டும் வைத்து அறிய இயலாது. ஆகவே அங்கே குறிநீக்கம் இரு படிகளில் நிகழ்கிறது. முதலில் உறையைப் பிரித்து விளைவைப் பச்சை பைட்டுகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அடையாள எண்ணோடு எந்தக் கோரிக்கை சென்றது என்பதை நினைவிலிருந்து எடுத்து, அதற்குரிய வகையில் விளைவைப் படிக்க வேண்டும்.

ஜேசன்-ஆர்பிசியின் 2.0 விதிமுறை 2010 வாக்கிலேயே நிலைபெற்றுவிட்டபோதிலும், பிட்காயினின் முதன்மைக் கணு நிரலான பிட்காயின் கோர் பல்லாண்டுகள் பழைய விதிகளும் புதிய விதிகளும் கலந்த தன் வழக்கத்திலேயே நீடித்தது. செயல்முறை தோல்வியுற்றால் செய்தியைச் சுமக்கும் எச்டிடிபி நெறிமுறையின் நிலைக்குறியையும் 500 என்று மாற்றி அனுப்பியது அதில் ஒன்று. 2024இல் வந்த 28.0 பதிப்பு 2.0 விதிமுறையை முறைப்படி ஏற்றது. அப்போதும், கோரிக்கையில் 2.0 என்று வெளிப்படையாகக் குறித்தவர்களுக்கு மட்டுமே புதிய நடத்தை கிடைக்கும்படியும், குறிக்காத நிரல்களுக்குப் பழைய மறுமொழியே தொடரும்படியும் அது அமைக்கப்பட்டது. அதனால் பழைய வடிவை நம்பி எழுதப்பட்ட பணப்பைகளாலும் கணக்கு நிரல்களாலும் மாற்றமின்றி இயங்க முடிந்தது.