மூன்று நாள் நோட்டீஸ்

"பூனைன்னா ஓனர்கிட்ட பேசிப் பார்க்கலாம். நாயா? வேணாம்லா." பத்துமலை வட்டாரத்தில் வாடகை வீடு தேடியபோது எனக்குக் கிடைத்த பதில்களின் சாரம் இதுதான். இதை மத விஷயம் என்று சொல்லி நாம் சுலபமாகக் கடந்துவிடுகிறோம். எனக்கென்னவோ இது நிலத்தின் கதையாகவும் தெரிகிறது.

லயத்து வீடுகளில் ஆடு, மாடு, கோழி, நாய் எல்லாம் இருந்தன. குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்றது காலனியக் காலத் தொழிலாளர் சட்டம். அதைக் கருணை என்று சொல்லிவிட முடியாது. குறைந்த கூலிக்காரன் தன் சாப்பாட்டில் ஒரு பகுதியைத் தானே விளைவித்துக்கொண்டால் முதலாளிக்கு லாபம். இருந்தாலும் வாசலில் மண் இருந்தது.

1990களில் புத்ராஜெயா எழுந்தபோது பெராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் எத்தனையோ தோட்டங்களுக்கு இதே கதைதான். மாடிவீட்டில் மாட்டை எங்கே கட்டுவது?

இன்று அடுக்ககங்களை ஆள்வது 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டமும் அதன் 2015 விதிமுறைகளும். அங்குள்ள 14வது துணைவிதி எந்த விலங்கின் பெயரையும் சொல்லவில்லை. பிறருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் விலங்கு, ஊராட்சிச் சட்டத்தை மீறும் விலங்கு கூடாது, அவ்வளவுதான். மீறினால் எழுத்துமூல நோட்டீஸ் கிடைத்த மூன்று நாளில் அதை அப்புறப்படுத்த வேண்டும். இதற்குமேல், செல்லப்பிராணிகள் குறித்துக் கூடுதல் விதி போட உரிமையாளர் கூட்டத்துக்கு அதிகாரம் உண்டு. சிறப்புத் தீர்மானம், முக்கால்வாசி ஓட்டு வேண்டும்.

பிடி இங்கேதான் இருக்கிறது. அந்த விதி வாடகைக்காரனையும் கட்டுப்படுத்தும். ஆனால் கூட்டத்தில் அவனுக்கு ஓட்டு கிடையாது. ஓனர் வாய்வார்த்தையாக "ஓகேலா" சொன்னாலும் நிர்வாகத்திடம் அது எடுபடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கூடுதல் விதிகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்தில் எதை வளர்க்கலாம் என்பதைத் துரை முடிவு செய்தார். இப்போது அந்த இடத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. வீடு வாங்க வசதியில்லாத என் வயதுக்காரர்களுக்கு அதில் இன்னமும் நாற்காலி இல்லை.