குளம்பும் ஒரு குற்றச்சாட்டும்

காயல்பட்டினத்துக் குதிரை வணிகத்தைப் பேசாத நமது வரலாற்று நூல் குறைவு. அரபுக் குதிரை, பாண்டிய மன்னன், பொன் தீனார் என்று பெருமையோடு எழுதுகிறோம். மார்க்கோ போலோ அந்த வணிகர்கள் மீது சுமத்திய ஒரு குற்றச்சாட்டை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறோம்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இக்கரைக்கு வந்தவர் அவர். ஹொர்முஸ், கிஷ், ளுஃபார், ஷிஹ்ர், ஏடன் வணிகர்கள் கொண்டுவரும் குதிரைகளில் மன்னன் ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்குகிறான், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார். லாடம் அடித்து வைத்தியமும் பார்க்கும் ஆட்கள் அந்நாட்டில் இல்லையாம். வணிகர்கள் தாமும் அப்படி ஒருவரைக் கூட்டி வருவதில்லை, வேறு எவரையும் போக விடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்?

இது உண்மையா, அவதூறா?

நான் குதிரைக்காரன் அல்ல. ருவான்வெல்லையில் மாட்டுக் கரத்தை ஓட்டியவரின் மகன். எங்களூர் பழைய கொழும்பு – கண்டி வழியில் இருந்த ஊர். 1820களில் கடுகண்ணாவைப் பாதை வந்த பிறகுதான் அந்தப் போக்குவரத்து கேகாலைப் பக்கம் திரும்பியது. அதற்கு முன் கண்டி அரசின் காலத்தில் பொதிமாட்டுத் தவளம் நடத்தியவர்களில் நம்மவர்களுக்கு முக்கிய இடம் உண்டு. 'மடிகே' என்ற போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் இருந்ததைப் பேராசிரியர் லோர்னா தேவராஜா விரிவாக எழுதியிருக்கிறார். வாப்பாவின் கரத்தை அந்த மரபின் வால்நுனி என்று வைத்துக்கொள்ளலாம். றப்பர்த் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றினார்.

லாடம் அடிக்கும் நாளில் மாட்டைக் கயிறு போட்டு வீழ்த்தி, நாலு காலையும் சேர்த்துக் கட்டுவார்கள். மாட்டுக்குப் பிளவுக் குளம்பு. காலுக்கு இரண்டாக எட்டுத் தகடு. ஆனால் வாப்பா கயிற்றை எடுக்குமுன் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார். "ஆணி அடிக்கிற பெரிய வேலயில்ல மகன். எந்தக் கால் முந்தி தரயத் தொடுது, எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு, அதப் பாக்கத் தெரியோணும்."

குதிரைக்கும் கணக்கு இதுதான். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை சீவ வேண்டும். சீவாவிட்டால் முன்நுனி நீண்டு, குதிகால் சரிந்து, மேலேயுள்ள நரம்பும் மூட்டும் பாரத்தைச் சுமக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் குளம்பின் சரிவும் அதற்கு மேலே காலின் சரிவும் ஒரே கோட்டில் வர வேண்டும். அடிப்பாதத்தில் ஒரு வெள்ளைக்கோடு இருக்கிறது. ஆணி அதற்கு வெளியே போனால் உயிரற்ற கொம்பு, உள்ளே போனால் சதை. லாடமோ குளம்பு வளர்வதை விட வேகமாகத் தேயும் தரையில்தான் கட்டாயம். மணல் தரையில் லாடமில்லாமலும் குதிரை ஓடும், சீவாமல் ஓடாது. எனவே போலோ சொல்லும் குறையின் பெரும்பகுதி இரும்பு அல்ல, கத்தி.

இனி வஸ்ஸாஃபைப் பார்ப்போம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர். கிஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார், கடலில் செத்தாலும் மன்னன் பணம் தருவான் என்ற விவரமெல்லாம் அவர் தருவதுதான். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராகவே இருந்தார். வஸ்ஸாஃப் சதி எதையும் சொல்லவில்லை. பச்சைப் பார்லிக்குப் பதில் வறுத்த பார்லியும் நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, 40 நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்து, பழக்காமல் ஏறி விரட்டுகிறார்கள் என்கிறார். போலோவும் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுப்பதைச் சொல்கிறார்.

குளம்பு பார்ப்பவனுக்கு இது போதும். மாவுத் தீனி மிஞ்சினால் குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் மெல்லிய இழைகள் வீங்கி அறுந்துவிடும். பிறகு அந்தக் குதிரை நிற்கவே மாட்டாது. 40 நாள் என்றால் ஏறக்குறைய ஆறு வாரம், சரியாகச் சீவவேண்டிய தவணை. அத்தனை நாளும் மூத்திர ஈரத்தில் கட்டிநின்றால் அடிப்பாதம் அழுகும். இங்கே பிறக்கும் குட்டிகள் கால் கோணி நின்றதாகப் போலோ எழுதுவதும், சிறுவயதில் சீவி நேராக்க ஆளில்லாததோடு ஒத்துப்போகிறது. அவர் பழியை நாட்டின் மீது போடுகிறார்.

ஆக, குளம்பு பார்க்க ஆளில்லை என்ற பாதி எனக்குச் சரியாகவே படுகிறது. வேண்டுமென்றே தடுத்தார்கள் என்ற பாதிக்கு போலோவின் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரமில்லை. ஐந்து துறைமுகத்துப் போட்டி வணிகர்கள் ஒன்றுகூடி ஒரு தொழிலாளியையும் கப்பலேற விடாமல் காத்தார்கள் என்பதை நம்புவது கடினம்.

ஆனாலும் நம்மவர்களை முழுதாக விடுவிக்க எனக்கு மனமில்லை. அரபு உலகில் குதிரை வைத்தியம் தனிக் கலை. 'பைத்தார்' என்றால் அந்த வைத்தியன். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு அகீ ஹிஸாம் அதைப் பற்றி நூலே எழுதிவிட்டார். அரபியில் லாடத்துக்கு 'நஃல்', நஃலைன் என்று நாம் அறிந்த அதே சொல். பாரசீகத்திலும் உருதுவிலும் லாடம் அடிப்பவன் 'நஃல்பந்த்'. தமிழுக்கு எத்தனையோ அரபுச் சொற்களைக் கொண்டுவந்தவர்கள் நாம். தமிழில் லாடம், சிங்களத்திலும் லாடம. ஆனாலும் குதிரை கரையிறங்கிய அளவுக்கு வித்தை இறங்கவில்லை என்றே நினைக்கிறேன். தடுக்கத் தேவையில்லை, தெரிந்தவன் பேசாமல் இருந்தாலே போதும்.

லொறி வந்த பிறகு வாப்பா கடைசி மாட்டை விற்றார். விலை பேசி முடிந்த பிறகு, கயிற்றைக் கொடுக்குமுன், இடது பின்னங்காலைத் தூக்கிக் காட்டினார். "இந்த வெளிக்குளம்பு கெதியா வளரும். மாசத்துக்கு ஒருக்கா பாருங்க." வாங்கவந்தவர் அதைக் கேட்டுப் பத்து ரூபாய் குறைத்தார். வாப்பா எண்ணாமலே மீதியை மடியில் வைத்துக்கொண்டார்.