ஓரெழுத்தால் போன ஓராண்டு: பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

என்னுடைய முதலாவது முதுமாணி விண்ணப்பம் ஓரெழுத்தால் தவறிப்போனது. அப்பாவின் பெயர் முனியாண்டி. அதன் கடைசி ‘டி’க்கு, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஓரெழுத்து இருந்தது, பட்டச் சான்றிதழில் வேறோரெழுத்து இருந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுபோவதற்குள் முடிவுத் திகதி கடந்துவிட்டது. அடுத்த அறிவித்தலுக்கு ஓராண்டு காத்திருந்தேன்.

அதன்பின் ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கங்களிலிருந்து பட்டதாரிகள் பலர் என்னிடம் இது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். “அக்கா, எங்கே போட வேண்டும்? என்னென்ன கேட்பார்கள்?” என்பதே எல்லோருடைய கேள்வியும். அவர்களில் சிலருடைய குடும்பக் கதையும் என் குடும்பக் கதையும் ஒன்றுதான். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மாத்தளைத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். அங்கே யுத்தத்தில் மறுபடியும் இடம்பெயர்ந்தோம். சிலர் அதே ஏ9 வீதியால் உறவினர்களைத் தேடி இங்கே திரும்பினோம். ஒவ்வோர் ஓட்டத்திலும் வீட்டுச் சாமான்களோடு சான்றிதழ்களும் போயின. படிக்கத் தகுதி இருந்தும் எங்களைப் போன்றவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் கடதாசிதான். ஆகவே இக்கட்டுரையில் அதையே சற்று நீளமாகச் சொல்கிறேன்.

எந்தப் பட்டத்துக்கு எந்தப் படி?

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு 12 மட்டங்களைக் கொண்டது. மூன்று வருடப் பொதுப்பட்டம் 5ஆம் மட்டத்திலும் நான்கு வருடச் சிறப்புப்பட்டம் 6ஆம் மட்டத்திலும் இருக்கின்றன. பட்டப்பின் சான்றிதழ் 7, பட்டப்பின் டிப்ளோமா 8. முதுமாணியில் இரண்டு வகை உண்டு. 30 கிரெடிட் கொண்ட பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வையும் சேர்த்து 60 கிரெடிட் கொண்டது 10ஆம் மட்டம். முதுதத்துவமாணி 11, கலாநிதி 12.

விண்ணப்பிக்கும் முன் அந்த நெறி எத்தனையாம் மட்டம் என்று பாருங்கள். பதவி உயர்வுக்காகப் படிப்பவருக்கு 9ஆம் மட்டம் போதுமாக இருக்கலாம். பின்னர் கலாநிதிப் படிப்புக்குப் போக நினைப்பவருக்கு ஆய்வு உள்ள 10ஆம் மட்டமே பாதுகாப்பு.

பொதுப்பட்டம் பெற்ற பலர் தங்களுக்கு வழியில்லை என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. பொதுப்பட்டத்தோடு வேலை அனுபவத்தை ஏற்கும் நெறிகள் உண்டு. சிலவற்றில் தகுதிகாண் பரீட்சை எழுதி நுழையலாம். வேறு சிலவற்றில் டிப்ளோமாவில் சேர்ந்து, நல்ல பெறுபேறு எடுத்தால் முதுமாணிக்கு மாறலாம். விளம்பரத்தின் அனுமதித் தகைமைப் பகுதியில் “அல்லது” என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைக் கட்டாயம் வாசியுங்கள். எங்களுக்கான வழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மாத்தளையிலிருந்து எங்கே?

மாத்தளை மாவட்டத்தில் அரச பல்கலைக்கழகம் இல்லை. அருகில் இருப்பது பேராதனை. கண்டிக்குப் போய், அங்கிருந்து புகையிரதத்தில் சரசவி உயன நிலையத்தில் இறங்கினால் வளாகம். அங்கே 1975 இல் தொடங்கிய விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம், 1996 இல் தொடங்கிய விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம், மானிடவியல் மற்றும் சமூக விஞ்ஞானங்களுக்கான நிறுவகம் ஆகியவை தனித்தனியாக விண்ணப்பம் கோருகின்றன. ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்போதே வரும் என்று இருக்கக்கூடாது.

வேலையோடு படிப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் உள்ளது. ஆசிரியர்கள் அதிகம் தேடும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை அப்பல்கலைக்கழகம் மூன்று மொழிகளிலும் நடத்துகிறது. யாழ்ப்பாணம், கொழும்பு, களனி ஆகிய பல்கலைக்கழகங்களிலும் பட்டப்பின் படிப்புகளுக்கெனத் தனிப் பீடங்கள் உண்டு. தமிழ் மொழிமூலத்தில் பட்டம் பெற்றவர்கள், நெறியின் மொழி எது, ஆய்வுக் கட்டுரையைத் தமிழில் எழுதலாமா என்ற இரண்டையும் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே பணம் கட்டுங்கள்.

கடதாசிகள்

பெயரிலிருந்து தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஐந்தையும் ஒரே மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் உள்ள சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, பட்டச் சான்றிதழில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதைக் காட்டி அப்படியே எழுதச் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான். ஏற்கெனவே வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்து வையுங்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் எடுக்கலாம்.

தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பதிவே இல்லாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவும், உத்தேச வயதுச் சான்றிதழும் இருக்கின்றன. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் மறுபடி வழங்குகிறது, இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். சுட்டெண் நினைவில்லாவிட்டால் தோற்றிய ஆண்டையும் பாடசாலையையும் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

2009 இல் அம்மா ஒரு பொலித்தீன் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் என் பிறப்புச் சான்றிதழும் சாதாரண தரப் பெறுபேறும் இருந்தன. தம்பியுடையவை வேறொரு பையில் இருந்தன. அந்தப் பை வந்து சேரவில்லை. “பதினொரு வருசம் படிச்சதுக்கு ஒரு துண்டும் இல்லை” என்று அவன் பிறகு மேலே படிக்கவே முயலவில்லை. எல்லாவற்றையும் மறுபடி எடுக்கலாம் என்று அப்போது எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பட்டியலை ஒரே தடவையில் நான்கைந்து பிரதிகளாகக் கேட்டுப் பெறுங்கள். பல நிறுவனங்கள் முத்திரையிட்டு மூடிய உறையை, அல்லது பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்புவதைத்தான் ஏற்கும். உறையை நீங்கள் திறக்கக்கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுறுதி பெற வேண்டிவரலாம். அதற்குக் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து படித்துப் பட்டத்தோடு திரும்பியவர்கள், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது என்ற கடிதத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முதலில் பெற வேண்டும். பட்டம் செல்லுமா என்ற கவலையோடு வருடக்கணக்கில் வீட்டில் இருப்பதைவிட இந்தக் கடிதத்துக்கு எழுதுவது நல்லது.

பரிந்துரைப்பவர்

இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் கேட்பது வழக்கம். பட்டம் பெற்றுப் பத்து வருடம் ஆனவருக்கு இது சங்கடமானது. கற்பித்த சேர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது நாட்டில் இருக்கமாட்டார். கேட்க வெட்கப்பட வேண்டாம். எந்த ஆண்டில் எந்தப் பாடத்தைப் படித்தீர்கள், என்ன பெறுபேறு, எந்தத் தலைப்பில் ஆய்வு செய்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, பெறுபேற்றுப் பட்டியலோடு அனுப்புங்கள். முடிவுத் திகதிக்கு ஆறு வாரத்துக்கு முன்னரே கேளுங்கள். ஒரு விரிவுரையாளரும் வேலைத்தள மேலதிகாரி ஒருவரும் போதுமா என்று விண்ணப்பம் கோரும் நிறுவனத்திடம் கேட்டால் பல இடங்களில் சரி என்பார்கள்.

உங்களைப் பற்றி எழுதும்போது

நோக்க அறிக்கையிலோ ஆய்வு முன்மொழிவிலோ யுத்தத்தை எவ்வளவு சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். படிப்பில் இடைவெளி இருந்தால் காரணத்தை மறைக்க வேண்டாம். “2008 முதல் 2010 வரை இடம்பெயர்வு காரணமாகக் கல்வி தடைப்பட்டது” என்ற ஒரு வசனம் போதும். இழப்புகளை வரிசையாக எழுதினால் வாசிப்பவர் இரங்குவார். ஆனால் உங்களைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு வேறு காரணம் தேவை. எதை ஆராயப் போகிறீர்கள், அதற்கு உங்களிடம் என்ன அறிவு இருக்கிறது, ஏன் அந்தத் துறை, ஏன் அந்த வழிகாட்டி என்பவைதான் அந்தக் காரணம். என் முதல் வரைவில் நான் பட்டதைத்தான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டாவதில் அதைச் சுருக்கி, தோட்டப்புறத்தில் வானொலிச் செய்தியை யார், எப்போது, எந்த மொழியில் கேட்கிறார்கள் என்ற கேள்வியை எழுதினேன்.

பணம்

1945 முதல் நாங்கள் பெறும் இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு முடிகிறது. முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. தவணையாகக் கட்டலாமா என்று விண்ணப்பிக்கும் முன்னரே கேளுங்கள்.

புலமைப்பரிசில்களில், இந்திய அரசின் மௌலானா ஆசாத் திட்டம் முதுமாணிக்கானது. பிரித்தானியாவின் செவ்னிங் ஓராண்டு முதுமாணிக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்பார்கள், ஆனால் பகுதிநேர வேலையையும் தொண்டர் பணியையும் அதில் சேர்க்கலாம். முகாமிலோ முன்பள்ளியிலோ தொண்டராக வேலை செய்தவர்கள் அதைக் கணக்கில் எடுக்க மறக்கிறார்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் முதுமாணிகளுக்கு நடத்தும் பல்கலைக்கழகங்களிடமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். இடம் எடுத்துத் தருவதாகவும் புலமைப்பரிசில் வாங்கித் தருவதாகவும் முன்பணம் கேட்கும் முகவரிடம் ஏமாறாதீர்கள். புலமைப்பரிசில் எதையும் எவராலும் விற்க முடியாது.

எப்போது தொடங்குவது?

விளம்பரம் வந்த பிறகு கிடைப்பது சில வாரங்கள்தான். பெயர்த் திருத்தமும் தொலைந்த சான்றிதழும் அதற்குள் முடியாது. ஆகவே, அடுத்த வருடம் விண்ணப்பிக்க நினைப்பவர் இந்த மாதமே அந்த ஐந்து சான்றிதழ்களையும் மேசையில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு எல்லாவற்றையும் ஸ்கான் செய்து, மின்னஞ்சலில் ஒரு பிரதியும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் இன்னொரு பிரதியுமாக வையுங்கள். எங்கள் பெற்றோருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இரண்டாம் முறை என் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சென்ற மாதம் தம்பியோடு பிரதேச செயலகத்துக்குப் போய் அவனுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுத்தோம். அடுத்தது பரீட்சைத் திணைக்களம்.