பத்து மாச அட்வான்ஸ்

வீட்டைக் காலி பண்ணுகிறவருக்குச் சாமான் ஏற்றுவது சுலபம். கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். சுவரில் ஆணி, குழாயில் ஒழுகல், பெயின்ட் செலவு என்று ஹவுஸ் ஓனர் கழித்துக்கொண்டே போவார். சென்னையில் ரொம்ப காலம் வழக்கமாக இருந்த பத்து மாச அட்வான்ஸே அந்நாளில் சட்ட விரோதம் என்றால் நம்புவீர்களா?

இரண்டாம் உலகப் போர் சமயம். வாடகை தாறுமாறாக ஏறிவிடக் கூடாதே என்று 1941-ல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. 1946-லும் 1949-லும் சட்டமாகி, 1960-ல் புதுச் சட்டமாக நிலைத்தது. அதன் ஏழாவது பிரிவு சொன்னது: அட்வான்ஸ் ஒரு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திருப்பித் தர வேண்டும். அல்லது குடியிருப்பவர் விரும்பினால் வேறு விதமாக நேர் செய்ய வேண்டும்.

நடந்ததோ வேறு. வாடகையைச் சட்டம் பிடித்து வைத்தது. காலி செய்யச் சொல்லி கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுத்தது. ஓனர்கள் தங்கள் பயத்துக்கும் ஆசைக்கும் சேர்த்து மொத்தமாக முன்பணம் வாங்கினார்கள், வட்டி இல்லாமல். ரசீது கொடுத்தால் அதுவே சாட்சி. அதனால் பலருக்கு ரசீதே கிடையாது.

'சட்டத்துக்கு விரோதமாகக் கொடுத்தவனும் குற்றவாளிதானே, அவன் எப்படிக் கேட்கலாம்?' நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். 1986-ல் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வீடு தேடி நிற்பவரும் வீடு வைத்திருப்பவரும் சமமில்லை என்றது. 1996-ல் நம் 1960 சட்டத்தின் கீழ் வந்த வழக்கிலும் அதே பார்வை. கூடுதல் அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, 'வாடகை பாக்கி, வெளியே போ' என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பானது.

2019 பிப்ரவரி 22-ல் புதுச் சட்டம் அமலுக்கு வந்து 1960 சட்டம் விடைபெற்றது. இப்போது வரம்பு மூன்று மாச வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் தர வேண்டும். ஆனால், 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சம்மதித்திருந்தால் தவிர' என்று வரம்புக்கு ஒரு வால் உண்டு. ஒரு மாசம் என்று கறாராகச் சொன்ன சட்டத்தையே ஏமாற்றிய ஊரில், இந்த வால் போதாதா?

காமர்ஸ் கணக்குப்படி அட்வான்ஸ் என்பது ஓனருக்கு வருமானமே அல்ல, அவர் திருப்பித் தர வேண்டிய கடன். கடன் கொடுப்பவர் சீட்டு வாங்காமல் கொடுப்பாரா? செக்கில் கொடுங்கள், ஒப்பந்தத்தில் தொகையை எழுத வையுங்கள். சாவி வாங்கும் அன்றே!