தங்கம் வென்றவர்களுக்குக் கிடைத்த 'ஓய்வு'

1998 டிசம்பர். தீபக் கூட்டம் கலைந்த திருவண்ணாமலைத் தேரடி வீதி டீக்கடையில் பேப்பரை விட மனசே வரவில்லை. பாங்காக் ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை டைபிரேக்கரில் வீழ்த்தி, 32 ஆண்டுகளுக்குப் பின் ஹாக்கித் தங்கம்! கேப்டன் நம்ம தன்ராஜ் பிள்ளை. புனேயில் பிறந்த தமிழ்ப் பிள்ளை.

கொஞ்ச நாளில் அவரும் மூத்த வீரர்கள் சிலரும் அணியில் இல்லை. ஹாக்கி நிர்வாகிகள் ஓய்வு கொடுத்தார்களாம்! பணம் கேட்டதற்குத் தண்டனை என்றார் தன்ராஜ். நான் அவர் கட்சி. பயிற்சியாளர் கௌசிக்குக்கும் கல்தா.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்பும் பயிற்சியாளரை மாற்றினார்கள். கிடைத்தது ஏழாம் இடம். 2008இல், 1928க்குப் பிறகு முதன்முறையாக, இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை.