மல்லாட்டைப் பூசணம் தோல் ஷாப்புக்குப் போன கதை

திருவந்திபுரம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்குகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வீடே கலங்கிவிடும். சரியாகக் காயாததை மூட்டை கட்டினால், பருப்பின்மேல் மஞ்சள் கலந்த பச்சையாகப் பூசணம் ஏறிவிடும். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அது. கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கக்கூடியது.

அதே இனத்துக்குச் சென்னை அடையாறில் வேறொரு வாழ்வு கிடைத்தது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மாலதியும் ஆர். சக்ரபர்த்தியும் தோலின் முடியை நீக்கும் நொதிக்காக அதில் ஒரு வகையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, 1991இல் ஆய்வை வெளியிட்டார்கள்.

மாவு மில்லில் கழிகிற தவிட்டை ஈரப்படுத்தி, வேகவைத்து, ஆறியதும் வித்துகளைத் தூவுவார்கள். பூஞ்சைக்கு வாய் கிடையாது. உணவின்மேல் நொதிகளைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். புரதத்தை வெட்டும் நொதியும் இப்படித்தான் தவிட்டில் சேர்கிறது; தண்ணீர் விட்டுப் பிசைந்து வடித்தால் சாற்றோடு வந்துவிடும். ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே இந்தப் பூஞ்சையின் நெருங்கிய உறவைத் தவிட்டில் வளர்த்து, செரிமான மருந்துக்கான நொதியை எடுத்து, 1894இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

சாறு போய்ச் சேர வேண்டிய இடம், தோல் பதனிடும் ஷாப்புகள் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. அங்கே தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும்தான் நெடுநாள் வழக்கம். முடி கூழாகிக் கழிவுநீரில் கலக்கும். அந்த நீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளியின் உயிரையே பறிக்கும் வாயு அது. நொதியோ முடிவேரைப் பற்றியிருக்கும் புரதங்களை அறுக்கிறது. முடி முழுசாகக் கழன்று வரும், அள்ளி எடுத்துவிடலாம். தோலுக்கு வலுத் தரும் கொலாஜனை அது தொடக்கூடாது, தொட்டால் சரக்கே பாழ்.

தோல் கழிவால் பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டுக்காக 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. நொதி மட்டும் ஆற்றை மீட்டுவிடாது. தோல் கழிவில் உப்பும் குரோமியமும் மிச்சமிருக்கின்றன. ஃபிளேவஸைப் பயன்படுத்தினால், சாற்றில் நஞ்சு இல்லையென்று ஒவ்வொரு முறையும் சோதித்தே தீர வேண்டும். நஞ்சில்லாத உறவினங்களைத் தேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனாலும் தொழிலாளியின் மூச்சைக் காக்கிற வழியைச் செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவது தவறு. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உதவிய அரசு, சிறிய தோல் ஷாப்புகள் நொதி வாங்கவும் மானியம் தர வேண்டும்.