பரங்கிமலைக் கைதியும் ஆயிரம் ரூபாயும்

பரங்கிமலைக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவருள் பலர், சென்னையின் ஆளுநர் ஒருவரே அங்குக் கைதியாய் இருந்த செய்தியை அறியார். செங்கற்பட்டு மாவட்டத்தோடு நெடுங்காலம் சேர்ந்திருந்த ஊர் அது. 1776-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள் மாலை, பிகட் பிரபு கோட்டையிலிருந்து தம் தோட்ட மாளிகைக்குக் குதிரை வண்டியில் புறப்பட்டார். உடன் அமர்ந்து வந்தவர் கர்னல் ஸ்டூவர்ட். வழியில் படையினர் வண்டியை மறித்து ஆளுநரைச் சிறைப்பிடித்தனர். அன்று அவரோடு உணவருந்திய ஸ்டூவர்ட்டுக்கும் அந்தச் சூழ்ச்சியில் பங்கு இருந்தது.

தஞ்சை அரசரை மீண்டும் அரியணையில் அமர்த்தியதும், பால் பென்பீல்டு என்னும் கும்பினி ஊழியர் தஞ்சையின் விளைச்சல் மீது கோரிய கடனுரிமையை ஏற்க மறுத்ததுமே பகைக்கு வித்து. பிகட்டும் சாது அல்லர். தம்மை எதிர்த்த சபை உறுப்பினர்களை நீக்கி, படைத்தலைவர் பிளெட்சரைக் கைது செய்ய ஆணையிட்டவர் அவர். எனினும் அவரைப் பிடித்து அடைக்க எவருக்கும் சட்டப்படி அதிகாரம் இருந்ததில்லை. எட்டு மாதங்கள் பரங்கிமலையில் காவலில் இருந்து நோயுற்ற அவர், தோட்ட மாளிகைக்குக் கொண்டுவரப்பட்டு, 1777 மே 11-இல் விடுதலை பெறாமலே இறந்தார்.

சபை உறுப்பினர்களான ஸ்டிராட்டன், புரூக், பிளாயர், மக்கே ஆகிய நால்வரும் இலண்டனில் அரசரின் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனக் காணப்பட்டனர். 1780-இல் விதிக்கப்பட்ட தண்டனை ஆளுக்கு 1,000 பவுன். அது அபராதமேயன்றி இழப்பீடு அன்று. இந்தியாவில் பொருள் குவித்தவர்களுக்கு அது ஒரு பொருட்டா?

ஆளுநருக்கே இவ்வளவுதான் எனில், செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரை சிதறி வாழும் இருளர் ஒருவரின் நிலை என்ன? ஊரில் திருட்டு என்றதும் ஐயம் முதலில் விழுவது அவர்கள் மீதுதான். காரணமின்றிக் கைதானவருக்கு மாஜிஸ்திரேட் வழங்கக்கூடிய ஈடு, 2023-ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 1,000 ரூபாயைத் தாண்டாது. முன்பு அது 100 ரூபாயாக இருந்தது. அதையும் தரவேண்டியவர் கைது செய்த காவலர் அல்லர்; அவரைக்கொண்டு கைது செய்வித்தவரே. உரிமையியல் வழக்குத் தொடர விரும்பினால், விடுதலையான ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். அலுவல் முறையில் நடந்த செயலென்றால், பெரும்பாலும் இரண்டு மாத முன்னறிவிப்பும் தரவேண்டும். கூலி வேலையை விட்டு வக்கீல் வீட்டுக்கு நடப்பவர் யார்?

வேறொரு கதவு 1983-இல் திறந்தது. பீகாரில் 1968-இல் குற்றமற்றவரென்று விடுவிக்கப்பட்ட ருதுல் சா, பதினான்கு ஆண்டுகள் கழித்து 1982-இல்தான் சிறையை விட்டு வெளியே வந்தார். உச்ச நீதிமன்றம் தன் ரிட் அதிகாரத்தின் கீழேயே அவருக்கு 35,000 ரூபாய் அளிக்கச் செய்தது. அந்த வழியே பின்னாளில் பலர் சென்றனர். நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-இல் பொய்க் குற்றச்சாட்டில் கைதாகி ஐம்பது நாள் சிறையிருந்தார். 2018-இல் அவருக்கு 50 லட்சம் வழங்குமாறு அதே நீதிமன்றம் கேரள அரசுக்கு ஆணையிட்டது. ஆனால் இப்பணமெல்லாம் கருவூலத்தினின்று, அதாவது நம் வரியினின்று வருவது. கைது செய்தவரின் பை பெரும்பாலும் தொடப்படுவதில்லை.

தொட்ட தீர்ப்பு ஒன்று உண்டு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில், 1992 ஜூனில், சந்தனமரக் கடத்தல் என்று சொல்லி ஊரையே சூறையாடிய வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர், பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். பெண்களையும் குழந்தைகளையும் சேலம் சிறைக்கு அனுப்பினர். பாலியல் கொடுமைக்கு உள்ளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் வழங்க வேண்டும் என்றும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குள் முப்பத்தோர் ஆண்டுகள் கழிந்துவிட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர், 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே இறந்து போயிருந்தனர்.